முட்டை ஊர்ல முட்டை இல்லாத பாம்பே டோஸ்ட்

நாமக்கல்காரன் ஒருத்தன் முட்டையும் பாலும் இல்லாம பாம்பே டோஸ்ட் சுடறது எப்படின்னு பக்கம் பக்கமா எழுதறான்னா ஊர்ல சிரிக்கத்தான் செய்வாங்க, சிரிங்க, பரவால்ல. எங்க ஊர்ப்பக்கம் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு இன்னிக்கு என்ன வெலை சொல்லிருக்குதுன்னு பாக்காம பண்ணைக்காரங்களுக்குப் பொழுது விடியாது. சத்துணவுக்குப் போற முட்டை, கேரளாவுக்குப் போற முட்டை, கப்பல் ஏறி அரபு நாட்டுக்குப் போற முட்டைன்னு அட்டை அட்டையா அடுக்கி லாரி போய்க்கிட்டே இருக்கும். எங்க அக்காவைக் கட்டிக்குடுத்ததும் மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் குடும்பத்துலதான். அந்த வீட்டுப் பொண்ணுதான் இப்ப பெங்களூர்ல வேலைக்குப் போய் வீகன் ஆயிட்டா, அதாவது கறி, முட்டை, பால்னு உயிருங்ககிட்ட இருந்து வர்ற எதையும் சாப்பிடறதில்ல.

ஏன் எதுக்குன்னு அவ சொன்னா, அதுல அவங்கப்பாவுக்கும் அவளுக்கும் கொஞ்சம் வாக்குவாதமும் நடந்துச்சு, அது அவங்க வீட்டு விஷயம், இங்க வேண்டாம். எனக்கு அவ சொன்னதுல ஒண்ணுதான் பிடிச்சுக்கிச்சு. "மாமா, பிரியாணி ஞாபகம் வரல, தயிர் கூட வரல, ஞாயித்துக்கெழமை காலைல பாம்பே டோஸ்ட் மட்டும் வாசமே வந்து நிக்குது"ன்னா. நியாயந்தான். பண்ணைல லேசா கீறல் விழுந்த முட்டைய வியாபாரிக்குப் போட முடியாது, அதெல்லாம் ஒரு போசி நெறைய வீட்டுக்கு வந்துரும், அக்காவும் லீவுக்கு வர்ற பசங்களுக்கு அதை ஒடச்சு ஊத்தி பால், சக்கரை, ஏலக்காய் போட்டு பிரெட்ட முக்கி முக்கி சுட்டுப் போட்டுக்கிட்டே இருக்கும். அந்தப் புள்ளைக்கு அது வெறும் டிபன் இல்ல, லீவே அதுதான்.

எங்கம்மாவுக்கு இந்த வீகன் சமாச்சாரம் மொதல்ல பிடிபடவே இல்ல. "ஏங்கண்ணு, பாலும் வேண்டாம் தயிரும் வேண்டாம் முட்டையும் வேண்டாம்னா அப்பறம் என்னத்தத்தான் திங்கறது நீயி"ன்னு கேட்டுச்சு. அவ பொறுமையா அரிசி, பருப்பு, காய், தேங்காய்னு சொல்லிட்டு வர, அம்மா பாதில நிறுத்தி, "அப்ப சந்தகை திம்பீல்ல? தேங்காப்பாலு ஊத்தி நாட்டுச்சக்கரை போட்டு, எள்ளுப்பொடி தூவி? அதுல பாலேது முட்டையேது"ன்னுச்சு. நான் அப்பத்தான் யோசிச்சேன். ஒரம்பரை வந்தா நம்ம கொங்கு வீடுகள்ல காலைல பிழியற அந்தச் சந்தகை, புழுங்கரிசிய ஊற வெச்சு அரைச்சு அவிச்சு சூட்டோட பிழிஞ்சு, மேல இனிப்புத் தேங்காப்பால், இது ரொம்ப நாளாவே நம்மகிட்ட இருக்கற வீகன் இனிப்பு டிபன்தான், யாரும் அதுக்கு அப்படி போர்டு மாட்டல. அப்ப பாம்பே டோஸ்டுக்கும் வழிய இன்டர்நெட்ல இருக்கற டப்பாப் பொடிகள்ல தேடாம அம்மாவோட அடுப்படில தேடலாமேன்னு தோணுச்சு.

தேடறதுக்கு முன்னாடி, முட்டை அந்த டோஸ்ட்ல என்னென்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுக்கோணும். இதைச் செய்யாமத்தான் நெம்பப் பேரு "முட்டைக்குப் பதிலா என்ன"ன்னு ஒத்தச் சாமானத் தேடி ஏமாந்து போறாங்க. முட்டை ஒரு ஆளு நாலு வேலை. ஒண்ணு, கட்டிக்குடுக்கும்: வெள்ளைக்கரு ஏறக்குறைய 62 டிகிரி சூட்டுலயே எறுக ஆரம்பிச்சிரும், மஞ்சக்கரு 65-ல இருந்து 70-க்குள்ள, அதனாலதான் பிரெட்டுக்குள்ள போன பால் கொழகொழன்னு இல்லாம கஸ்டர்டு மாதிரி நிக்குது. அப்பறம் செவக்க வைக்கும். அப்பறம் மஞ்சக்கருவுல இருக்கற கொழுப்பு வாய்க்கு ஒரு வழவழப்பு தரும். கடைசியா அந்த வாசம், கந்தகம் கலந்த முட்டை வாசம், சின்ன வயசுல சாப்பிட்டவங்களுக்கு ஞாபகம் வர்றதே அதுதான். இந்த நாலு வேலைக்கும் நாலு வேற வேற ஆளப் போட்டாத்தான் வண்டி ஓடும், அதுல மூணு பேரு நம்ம சுத்துவட்டாரத்துலயே கெடைப்பாங்க.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா "முட்டை இல்லாம அதுக்குப் பேரு பாம்பே டோஸ்டே இல்ல"ன்னு ஒரு கூட்டம் வரும். அபிசியஸ்னு பழைய ரோமானியச் சமையல் தொகுப்பு ஒண்ணு இருக்குது, லத்தீன்ல எழுதுனது. அதுல ஒரு இனிப்பு: கோதுமை ரொட்டியோட மேல் தோலைச் சீவிட்டு பெரிய துண்டாப் பிச்சு, பால்ல ஊற வெச்சு, எண்ணெயில பொரிச்சு, மேல தேன் ஊத்திக் குடுன்னு இருக்குது. அந்தக் குறிப்புல முட்டைங்கற பேச்சே இல்ல. அதனால முட்டை பின்னாடி வந்து ஒட்டுன ஒறவுதான், ஒட்டுனது நல்லாவே ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான்.

மொதல்ல பிரெட். இதுலதான் நெறையப் பேரு சறுக்கறாங்க. பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருந்தா பால் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க, நம்ம நாட்டுச் சட்டப்படி பால் சைவம்தான், பச்சைப் புள்ளிக்குள்ள பால் பவுடர், வெண்ணெய், நெய் எல்லாம் அடங்கிரும். வீகனுக்குன்னு தனி முத்திரைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 விதிகள்லதான் கொண்டு வந்துச்சு, ஆனா அது போட்ட பிரெட்ட எங்க ஊர் மளிகைக் கடைல தேடிக்கிட்டு உக்காந்தா மதியம் ஆயிரும். பின்பக்கம் சின்ன எழுத்துல "மில்க் சாலிட்ஸ்" இருக்குதான்னு பாருங்க, இல்லைன்னா தெருமுக்கு பேக்கரிலயே கேட்டுருங்க. நம்ம கொங்குப் பக்கம் பேக்கரிக்கா பஞ்சம், டீக்குப் போனாலே பேக்கரிதான். நான் கேட்ட எடத்துல, "அண்ணா, பால் பவுடர்லாம் பன்னுக்குத்தான், சால்ட் பிரெட்டுக்கு மைதா, ஈஸ்ட், எண்ணெய், உப்பு அவ்ளோதான், வேணும்னா கட் பண்ணாம முழுசாத் தரேன்"னாரு. முழுசா வாங்குங்க. வீட்ல நம்மளே ஒரு இஞ்சு தடிப்புல வெட்டுனாத்தான் உள்ள மெத்துனு வெளிய மொறுமொறுன்னு வரும், மிஷின்ல வெட்டுன மெல்லிசு துண்டு மாவுல எறங்குன ஒடனே பிஞ்சு தொங்கிரும். முந்துன நாள் பிரெட்டா இருக்கோணும். இன்னிக்கு வாங்குனதுதான் இருக்குதுன்னா தோசக்கல்ல வெறுமனே போட்டு ரெண்டு பக்கமும் லேசா ஈரம் போக வாட்டிக்கோங்க, அப்பத்தான் பால உறிஞ்சியும் ஒடையாம நிக்கும்.

இப்ப தேங்காப்பால். வழவழப்பு வேலை இவருக்கு. இதுக்கு அம்மாதான் வாத்தியார். பொள்ளாச்சிக் காயோ பக்கத்துத் தோட்டத்துக் காயோ, குலுக்குனா உள்ள தண்ணி ஆடற சத்தம் கேக்கோணும், எளசா இருந்தா பால் தண்ணியா வரும், ரொம்ப முத்திக் கொப்பரை ஆகப் போற காயா இருந்தா எண்ணெ வாடை அடிக்கும். துருவுன தேங்காய மிக்ஸில போட்டு ஒரேயடியா ஓட விடக்கூடாது, சூடேறி எண்ணெ கக்கிரும், விட்டு விட்டு அடிக்கோணும். ஒரு காய்க்கு அரை டம்ளர் வெதுவெதுன்னு தண்ணி. கொதிக்கற தண்ணி இல்ல, அம்மா சுண்டுவெரலை உள்ள விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்தும்.

பழைய வேட்டித் துணில போட்டு முறுக்கிப் பிழியறப்ப மொதல்ல ஒரு பத்துச் சொட்டு சும்மா வழியும், அதுக்கப்பறம் அம்மா மணிக்கட்ட ஒரு திருகு திருகி, துணிய போசி விளிம்புல அழுத்திப் புடிக்கும் பாருங்க, அப்ப வர்றதுதான் பால், கெட்டியா, வெள்ளைலயும் ஒரு பழுப்பு கலந்து, வெரல்ல எடுத்தா தண்ணி மாதிரி ஓடாம நகத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நிக்கும். அது மொதப் பால். சக்கைல இன்னொரு டம்ளர் தண்ணி ஊத்தி எடுக்கறது ரெண்டாம் பால். சந்தகைக்கு அம்மா ரெண்டையும் தனித்தனியா வெச்சிருந்து ரெண்டாம் பால்ல நாட்டுச்சக்கரையக் கரைச்சுக் காய்ச்சிட்டு எறக்குன பின்னாடிதான் மொதப் பால ஊத்தும், "மொதப் பால அடுப்புல கொதிக்க உட்டீன்னா திரிஞ்சு போயிரும்"ங்கும். டோஸ்டுக்கு ரெண்டையும் சரிபாதியாக் கலந்தாப் போதும். மொதப் பால் மட்டும்னா திகட்டும், ரெண்டாம் பால் மட்டும்னா பிரெட்டு நமத்துப் போகும்.

ஆனா தேங்காப்பாலுக்கு ஒரு கொறை. கொழுப்பு எச்சா இருக்கும், புரதம் கம்மி. அதனால அது எறுகாது, எவ்ளோ நேரம் சுட்டாலும் பிரெட்டுக்குள்ள பாலாவே கெடக்கும். எறுக வைக்கத்தான் கடலைமாவு. ஒரு முட்டைல சுமார் 6 கிராம் புரதம், 30 கிராம் கடலைமாவுலயும் ஏறக்குறைய அதே அளவு இருக்குது, கூடவே மாவுச்சத்தும் இருக்கறதனால சூடேற ஏற அது கெட்டிப்பட்டு பாலைப் புடிச்சு நிறுத்திரும். பஜ்ஜி மாவு தெரியாத தமிழ் வீடு எது, அதே சூத்திரந்தான். பிரச்சனை என்னன்னா பச்சை வாடை. சரியா வேகலைன்னா பாம்பே டோஸ்ட் கேட்டவனுக்கு பிரெட் பஜ்ஜி குடுத்த கதைதான். அதனால மாவை மொதல்லயே வெறும் வாணலில சின்னத் தீயில நெறம் மாறாம, வாசம் மட்டும் வர்ற வரைக்கும் வறுத்துக்கோங்க. பொட்டுக்கடலைய அரைச்சுப் போட்டா வாடையே இருக்காதேன்னு கேப்பீங்க, ஆமா இருக்காது, ஆனா அது ஏற்கெனவே வறுபட்ட சாமான், பிடிமானம் கம்மி, கல்லுல திருப்பறப்ப மேல்பத்து கல்லோட தங்கிரும்.

அளவு சொல்லிடறேன், தடிப்பா வெட்டுன ஆறு துண்டுக்கு: தேங்காப்பால் ரெண்டும் கலந்து 250 மில்லி, கடலைமாவு குவிச்ச மாதிரி மூணு டேபிள் ஸ்பூன், அரிசி மாவு ஒரு டேபிள் ஸ்பூன், நாட்டுச்சக்கரை மூணு டேபிள் ஸ்பூன், ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. கட்டி இல்லாம கரைச்சு ஒரு பத்து நிமிஷம் சும்மா வைங்க, மாவு தண்ணி குடிச்சு ஒக்காரோணும். அரிசி மாவு எதுக்குன்னா ஓரம் மொறுமொறுப்புக்கு, அது இல்லாமயும் வரும், ஆனா போட்டா நல்லாருக்கும்.

நாட்டுச்சக்கரைன்னு சொன்னது சும்மா ஊர்ப்பாசத்துல இல்ல. செவக்கற வேலைய இவருதான் பாக்கறாரு. புரதமும் சில வகைச் சக்கரையும் சூட்டுல சேந்து பழுப்பாகி வாசம் வர்றதுக்கு மையார் வினைன்னு பேரு, லூயி கமீல் மையார்ங்கற பிரெஞ்சுக்காரர் 1912-ல எழுதுனது. முட்டை, பால் போட்ட டோஸ்ட்ல இது தானா நடந்துரும், முட்டைல புரதம் இருக்குது, பால்ல லாக்டோஸ்ங்கற சக்கரை இருக்குது. வெள்ளைச் சக்கரை இந்த வினைல நேரா எறங்காது, அதுபாட்டுக்கு உருகிக் கருகும். நாட்டுச்சக்கரைல, வெல்லத்துல எல்லாம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் தனியா இருக்கறதனால அது கடலைமாவுப் புரதத்தோட சேந்து சீக்கிரம் செவந்துரும். கவுந்தப்பாடிச் சக்கரை கெடைச்சா வாங்குங்க, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகுது. எங்களுக்குப் பக்கம் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை. எங்க வாங்குனாலும் பளிச்சுனு மஞ்சளா இருக்கறத வாங்காதீங்க, அழுக்கு நெறத்துல இருக்கறதுதான் நல்லது, வெளுக்க வைக்க ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போடறவங்க இருக்கத்தான் செய்யறாங்க. இன்னொரு வசதி, கொதிக்கிற பசும்பால்ல வெல்லத்தப் போட்டா திரிஞ்சு போகும், தேங்காப்பால் அந்த வம்பே பண்ணாது.

வாசத்துக்குத்தான் வெளியூர்ச் சரக்கு வேணும்: கருப்பு உப்பு, வடநாட்டுல சாட்டுக்கெல்லாம் போடறாங்களே அது. அதுல இருக்கற கந்தகச் சேர்மங்கள் அப்படியே அவிச்ச முட்டை வாசம். கால் டீஸ்பூனுக்கும் கம்மியா, சிட்டிகைல பாதி. எச்சாப் போச்சுன்னா வீடே பண்ணை வாடை அடிக்கும், அதுக்கு நேரா அக்கா வீட்டுக்கே போயிரலாம். நெறத்துக்கு ஈரோட்டு மஞ்சப்பொடி ஒரு துளி, கரண்டி நுனில எடுக்கற அளவு. புவிசார் குறியீடு வாங்குன மஞ்சளா இருந்தாலும் எச்சாப் போட்டா மஞ்ச வாடைதான்.

எல்லாரும் வாழைப்பழத்தை மசிச்சுப் போடுன்னு சொல்லுவாங்க. எனக்கு ஒத்துக்கவே இல்ல. பரமத்தி வேலூர்ப் பூவன் சும்மா சாப்பிடவே அவ்ளோ நல்லாருக்கு, அதை மாவுல போட்டா கல்லுல ஓரம் கருகிரும், உள்ள வேகாது, வாசமும் பணியாரத்துக்குத்தான் போகுதே தவிர டோஸ்டுக்கு வரல. ஆளி விதைப் பொடி கொழகொழன்னு பசை மாதிரி வரும், கேக்குக்கு சரி. அட்டை டப்பா பாதாம் பால் முக்காவாசி தண்ணிங்க, அந்தக் காசுக்கு நாலு தேங்காய் வாங்கலாம். சோயாப்பால் மட்டும் மோசமில்ல, புரதம் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட வந்துரும், அதனால நல்லாவே செவக்குது. ஆனா அம்மா ஒரு வாய் வெச்சுட்டு "பயத்தங்கஞ்சி வாடை"ன்னு வட்டல தள்ளி வெச்சிருச்சு.

சுடறதுக்கு நான்-ஸ்டிக் வேண்டாம், பழகுன இரும்புத் தோசக்கல்லு. காங்கேயத்துத் தேங்காண்ணெய் ஒரு கரண்டி, இல்ல செக்குல ஆட்டுன கடலெண்ணெய். பிரெட்ட மாவுல போட்டு பக்கத்துக்கு ஒரு இருபது முப்பது எண்ணிக்கை, நடுவுல வெரலால அமுத்துனா ஸ்பாஞ்சாட்டம் ஈரம் தெரியோணும், ஆனா தூக்குனா வளையக்கூடாது. முட்டை டோஸ்ட் ரெண்டு நிமிஷத்துல திரும்பிரும், இது அப்படி இல்ல, அவசரப்படாதீங்க. மிதமான தீயில பக்கத்துக்கு நாலு நிமிஷமாவது விடோணும். மொதல்ல எண்ணெ ஓரத்துல சின்னச் சின்னதா கொப்புளிக்கும், அது ஈரம் போறது. கொஞ்ச நேரத்துல கொப்புளம் கொறைஞ்சு, சத்தம் அடங்கி, நாட்டுச்சக்கரை வாசம் மேல வரும். அப்ப தோசைத் திருப்பிய விளிம்புல லேசாக் குடுத்தா தானா விட்டுக்குடுக்கும். விட்டுக்குடுக்கலைன்னா இன்னும் வேகலைன்னு அர்த்தம், சொரண்டாதீங்க. திருப்புன பக்கம் நடுவுல செங்கல் நெறத்துலயும் ஓரத்துல இன்னும் கொஞ்சம் கருத்தும் இருக்கோணும். வெளிர் மஞ்சளா இருந்துச்சுன்னா உள்ள கடலைமாவு பச்சையாத்தான் இருக்குதுன்னு எழுதி வெச்சுக்கோங்க.

மேல ஊத்தத் தேன் வேண்டாம்னுட்டா, தேனும் தேனீயோடதாம். சரி, வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சு வடிகட்டி, ஒட்டற பதத்துக்கு முன்னாடியே எறக்கி, சுக்குப் பொடி போட்டு வெச்சோம். மிச்சம் இருந்த மொதப் பால் ரெண்டு கரண்டி. அதோட அம்மா சந்தகைக்கு இடிச்ச எள்ளுப்பொடிய அதுபாட்டுக்கு மேல தூவிருச்சு, யாரும் கேக்கல, ஆனா அதுதான் அன்னிக்கு எல்லாத்துலயும் நல்லாருந்துச்சு. எள்ளோட லேசான கசப்பு அந்தத் திகட்டல வெட்டிரும்.

அக்கா வீட்டுக்காரர் மொதத் துண்ட மோந்து பாத்துட்டு, "முட்டை வாசம் வருதேப்பா, எந்தப் பண்ணை"ன்னாரு. கருப்பு உப்புன்னு சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தமாப் போச்சுன்னு நெனைக்கறேன். ஆனா நாலு துண்டு தின்னாரு, தின்னுக்கிட்டே கோழித் தீவன வெலை ஏறுனதையும் பேசுனாரு. அக்கா பொண்ணு ஒண்ணும் பெருசா சொல்லல, "மாமா, இன்னும் கொஞ்சம் கருக விடுங்க, அம்மா அப்படித்தான் சுடும்"னா. அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு, "நான் எங்கடி கருக உட்டேன்"னு சண்டைக்கு வந்துச்சு.

அப்படியே முட்டை டோஸ்ட் மாதிரியே இருக்குதான்னு கேட்டா, இல்லைங்க. நடுப்பகுதி கஸ்டர்டை விடக் கொஞ்சம் அழுத்தம், கொழுக்கட்டைப் பக்கம் சாயுது. கடலைமாவக் கொறைச்சா மெத்துனு வரும், ஆனா ஒடையும், நான் ஒடையாததையே எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு, இத டப்பால கட்டிக் குடுக்காதீங்க. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ ஒறைஞ்சு போயிரும், மார்கழிக் காலைல நாமக்கல்லயே பாட்டில்ல கட்டியாத்தான் நிக்கும், ஏசி ஆபீஸ்ல மத்தியானம் தொறந்தா மேல வெள்ளையா மெழுகு பூசுன மாதிரி இருக்கும். கல்லுல இருந்து நேரா வட்டலுக்குத்தான். மாவு மிஞ்சுச்சுன்னா ராத்திரிக்குள்ள கொஞ்சம் அரிசி மாவு சேத்து பணியாரக் கல்லுல ஊத்திருங்க, தேங்காப்பால் மறுநாளைக்குத் தாங்காது. அங்க வேணும்னா அந்தப் பூவம்பழத்தையும் மசிச்சுப் போட்டுக்கோங்க.